காத்துக்காரர் தூங்கிய நாள்

என் அக்கா புருஷனைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்படி ஒரு மனுஷன் கிடைக்க உங்க அக்கா குடுத்து வெச்சிருக்கணும்" என்பார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூடவே இருந்து பார்த்தால்தானே தெரியும்! காலையில் ஒரு வார்த்தை, ராத்திரி ஒரு வார்த்தை. நடுவில் ஏதாவது கேட்டால் "ம்". அந்த "ம்"முக்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது நான்கு வருஷமாக அதே வீட்டில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர். ஊர் என்றால் அறுபது வீடு. கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒரு மணல் திட்டின் நுனியில் இருக்கிறது. ரோடு கிடையாது. தார் ரோட்டைத் தொட வேண்டுமானால் கடற்கரை மணலிலேயே பதினாலு கிலோமீட்டர் போக வேண்டும். அதுவும் கடல் வடிந்திருக்கும்போது மட்டும். தண்ணீர் பின்வாங்கின இடத்தில் ஈர மணல் கெட்டியாகக் கிடக்கும்; வண்டி ஓடும். நாலு மணி நேரம் அப்படிக் கிடக்கும். அதற்குள் போய்விட வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் அந்த ரோடு கடலுக்குள் போய்விடும். மேலே இருப்பது காய்ந்த மணல். மாவு மாதிரி இருக்கும். அதில் வண்டியை விட்டால் முழங்கால் அளவு இறங்கிவிடும்.

மாமாவிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர், கேஸ் சிலிண்டர், தபால், மாத்திரை மருந்து, ஒரு தடவை கல்யாணப் பெண்ணுக்கு வந்த பீரோ, எல்லாம் அவர் வண்டியில்தான் ஊருக்குள் வந்திருக்கின்றன. மணலில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காற்றை இறக்குவார். முப்பத்தைந்து இருந்தால் பதினெட்டுக்கு. டயர் தளர்ந்து மணலின் மேல் அகலமாகப் படியும், புதையாது. தார் ரோடு வந்ததும் மறுபடி குந்தி உட்கார்ந்து, பேட்டரியில் ஓடுகிற சின்ன மெஷினை வைத்து நாலு சக்கரத்துக்கும் காற்று அடிப்பார். இருபது நிமிஷம். போகும்போது அடிக்க வேண்டும், வரும்போது இறக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. எழுந்திருக்கும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

லீவு நாட்களில் டவுனிலிருந்து புது வண்டிகளில் வருவார்கள். டயரில் காற்று கல்லு மாதிரி இருக்கும். "ஃபோர் வீல் இருக்கே, எங்க வேணாலும் போகும்" என்று இறக்கி, அரை கிலோமீட்டரில் புதைத்து வைத்திருப்பார்கள். புதைந்த பிறகாவது சும்மா இருப்பார்களா? ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து வயிறு வரைக்கும் இறக்கிவிடுவார்கள். மாமா வண்டியை நிறுத்திவிட்டுப் போய், ஒன்றும் பேசாமல் நாலு டயரிலும் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, "இப்ப எடுங்க" என்பார். வண்டி வந்துவிடும். அவர்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவர் இடித்த புளி மாதிரி நிற்பார். நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காற்றை இறக்கியிருப்பேன்.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போனது நான்கு வருஷத்துக்கு முன்னால். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். நான் ஒரு மாதம் ஒத்தாசைக்கு என்றுதான் வந்தேன். அடுத்த மாதம் போய்த் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் அது வேறு கதை, அதை இங்கே எழுத மாட்டேன்.

டவுனுக்கே வீடு மாற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. போய்ப் பார்த்தோம். முதல் வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய். மணல் இருந்தால்தான் மாமாவுக்குப் பிழைப்பு. அதனால் அவர் ஊரில், நாங்கள் டவுனில். ஐந்து மாதத்தில் அக்கா, "செத்தாலும் என் வீட்டுல சாகறேன், கூட்டிட்டுப் போங்க" என்றாள். திரும்பி வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் அந்தப் பேப்பர். கடல் வடிகிற நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். ஆஸ்பத்திரியிலோ மூன்றே ஷிப்ட்: காலை ஏழரை, பகல் பன்னிரண்டு, மாலை நாலரை. மாசக் கடைசியில் மாமா கூடத்தில் உட்கார்ந்து, அடுத்த மாதத்துச் செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றுக்கும் கடல் எத்தனை மணிக்கு வடியும் என்று கோடு போட்ட தாளில் எழுதுவார். அதை டயாலிசிஸ் சிஸ்டரிடம் கொடுப்பார். அந்த அம்மா அதைப் பார்த்துப் பார்த்து மற்ற நோயாளிகளைத் தள்ளி, இழுத்து, அக்காவுக்கு ஒரு ஷிப்ட் போட்டுவிடுவாள். யாராவது சண்டைக்கு வந்தால், "அவங்களுக்குக் கடலு நேரம் குடுக்குது, நானா குடுக்குறேன்?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவளைப் பிடிக்கும்.

டவுனில் இருந்த ஐந்து மாதம் போக, இந்த நான்கு வருஷத்தில் ஐநூறு தடவைக்கு மேல். மழையில், வெயிலில், விடிவதற்கு முன்னால், பொழுது சாய்ந்த பிறகு. முதலில் அவர் சிரிப்பதை நிறுத்தினார். அப்புறம் சாப்பிடும்போதே தூங்க ஆரம்பித்தார். சோற்றில் கை அப்படியே இருக்கும், கண் மூடியிருக்கும். வயசு ஐம்பத்துநாலு, பார்த்தால் எழுபது சொல்லலாம். அக்காவும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து குடித்துக் குடித்து, உதடு வெடித்து, இடது கையில் ஊசி போடுகிற இடம் புடைத்துக்கொண்டு, எதைச் சொன்னாலும் "சரி" என்பாள். ஒரு காலத்தில் அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போது அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஆள் நான் ஒருத்திதான். மூன்று பேருக்கும் சேர்த்து நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை டயாலிசிஸ் தவறிப்போனது. முந்தின வருஷம், புயலில். நாலாவது நாள் அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மீன்பிடிப் படகில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனோம். டாக்டர், "இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா இங்க கொண்டு வர வேண்டிய அவசியமே இருக்காது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கடல் முழுக்க வடிகிற நேரம் விடிகாலை ஐந்து பத்து. ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரை ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். ஏழு மணிக்கு மேல் மணல் ரோடு கிடையாது. நான் முந்தின ராத்திரியே பையை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். மாமா நாலு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவார், நான் எழுந்திருப்பேன், அதுதான் வழக்கம்.

முகத்தில் வெயில் பட்டுத்தான் முழித்தேன். மணி ஏழரை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்கள் அறைக் கதவைத் தள்ளினேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மாமா! மணி ஏழரை மாமா! ஐயையோ, எல்லாம் போச்சு!"

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "அலாரம் அடிக்கல" என்றார்.

"அலாரமா? இருபத்தாறு வருஷமா நீங்க அலாரத்தை நம்பியா எந்திரிச்சீங்க?"

"விடுடி" என்றாள் அக்கா. "செவ்வாக்கிழமை பாத்துக்கலாம்."

"செவ்வாக்கிழமையா? வியாழக்கிழமை போனது. நாளைக்கு மெஷின் ஓடாது. திங்கக்கிழமை வேற ஆளுங்க. அஞ்சு நாள் ஆகும்கா. போன தடவை நாலாவது நாளே என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

நான் சிஸ்டருக்குப் போன் போட்டேன். அவள் அரை நிமிஷம் திட்டினாள், அரை நிமிஷம் நோட்டைப் புரட்டினாள். "பன்னெண்டு மணிக்கு ஒருத்தர் வரல. பன்னெண்டரை வரைக்கும் மெஷினை நான் பிடிச்சு வெக்கிறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வெளியில ஆள் நிக்குது, நான் குடுத்துருவேன்" என்றாள்.

மாமா வாசலில் நின்று கடலைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு படகுகூட இல்லை, எல்லாம் விடிவதற்கு முன்னாலேயே மீனுக்குப் போயிருந்தன. "மேல் மணல்ல போலாம்" என்றார்.

மேல் மணலில் யாரும் போவதில்லை. அவரும் வேறு வழியே இல்லாதபோதுதான் போயிருக்கிறார், அதுவும் தனியாக. டயர் காற்றைப் பன்னிரண்டுக்கு இறக்கினார். அதற்குக் கீழே போனால் டயர் கழன்று வரும். இரண்டு பலகை, ஒரு மண்வெட்டி, ஒரு குடம் தண்ணீர். அக்காவைப் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தோம். எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

மணலில் வண்டி ஓட்டுவது ரோட்டில் ஓட்டுவது மாதிரி இல்லை. வேகமாகவும் போகக் கூடாது, தயங்கவும் கூடாது. ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். திரும்பினால் அகலமாகத் திரும்ப வேண்டும். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் தானாக நின்றுவிடும். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்ப முடியாது. இதெல்லாம் அவர் யாருக்கும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. நான்கு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் தையல்காரிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

மூன்றாவது கிலோமீட்டரில் முதல் தடவை புதைந்தது. தோண்டினோம், பலகை போட்டோம், நான் தள்ளினேன், எடுத்துவிட்டார். ஆறாவது கிலோமீட்டரில் இஞ்சின் கொதித்தது. பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரமும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். தூங்குகிற நாளா இது, பெண்டாட்டி உயிரை விட உனக்குத் தூக்கம் பெரிசா என்கிற அளவுக்குப் போய்விட்டேன். கோபத்தில் "நீ" என்று வந்துவிட்டது. அவர் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னாலிருந்து, "போதும்டி, தொண்டை வறண்டா உனக்கும் அளந்துதான் தண்ணி தருவேன்" என்றாள்.

மறுபடி கிளம்பினோம். மணி பத்தேகால். அப்போதும் நான் பேச்சை நிறுத்தவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிவிட்டோம், தார் ரோட்டுக்கு இன்னும் இரண்டுதான். முன்னால் அரை கிலோமீட்டர் போனால் கிளிஞ்சல் கொட்டி இறுகின தரை ஆரம்பம், அங்கே ஏறிவிட்டால் கவலையில்லை. அந்த இடத்தில் மாமா பிரேக் போட்டார்.

எதிரில் ஒன்றுமில்லை. நாய் இல்லை, நண்டு இல்லை. சும்மா போட்டார். வண்டி குலுங்கி நின்றது. அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். அப்புறம் டவுன்காரர்கள் செய்கிற அதே வேலையைச் செய்தார்: ஆக்சிலேட்டரை அழுத்தினார். நாலு சக்கரமும் சுற்றின. வண்டி வயிறு வரைக்கும் மணலில் உட்கார்ந்துவிட்டது.

இஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"நான் தூங்கல" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இப்போது கண்ணயர்ந்துவிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அலாரம் அடிச்சுது. நாலு மணிக்கே அடிச்சுது. நான்தான் அமுக்கினேன். முழிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். தண்ணி வடியற சத்தம் கேட்டுது, தூரமாப் போச்சு. அப்புறம் திரும்பி ஏறுற சத்தமும் கேட்டுது. எந்திரிக்கணும்னு தோணல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் போகாம இருந்தா என்னன்னு தோணிப்போச்சு."

அத்தனை வார்த்தையை அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "அக்கா செத்துப்போனா?" என்றேன். அப்படித்தான் கேட்டேன், அவள் காது கேட்க.

"அது தெரியாமயா படுத்திருந்தேன்?" என்றார் மாமா.

கடல் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. இந்த மனுஷனை நான் இத்தனை நாள் என்னவென்று நினைத்திருந்தேன், இப்போது என்னவென்று நினைப்பது என்றே தெரியவில்லை. காலடியில் கிடந்த மண்வெட்டியால் ஒன்று போடலாம் போலவும் இருந்தது. அவர் முதுகைத் தடவிக்கொடுக்கலாம் போலவும் இருந்தது.

பின் சீட்டிலிருந்து அக்கா பேசினாள்.

"நானும் முழிச்சுத்தான் இருந்தேன்."

மாமா திரும்பவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"நீங்க அலாரத்தை அமுக்கினதைப் பாத்தேன். எழுப்பலாம்னு கையைக்கூடத் தூக்கினேன். அப்புறம் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டேன். எனக்கும் அலுத்துப்போச்சுங்க. ஊசி, மெஷின், திரும்பி வர்றது, மறுபடி ஊசி. உங்களையும் சேத்து இழுத்தடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்களே விட்டுட்டா நல்லதுன்னு நெனைச்சேன். நானா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுசாக உறைத்தது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில், ஒருத்தர் தூங்குவதாக இன்னொருத்தர் நினைத்துக்கொள்ளட்டும் என்று, மூன்றரை மணி நேரம் மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் நல்லாருக்கு! சேந்துக்கிட்டு என்னை அனாதை ஆக்கப் பாத்தீங்களா? அவ போயிட்டா நீங்க மட்டும் இருப்பீங்களா மாமா? நான் எங்க போவேன்? தையல் மெஷினைத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

அக்கா என்னையே பார்த்தாள். "நாப்பத்தொரு வயசுல என்னடி அனாதை?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கிற்று, ஆனாலும் சிரிப்புதான். அப்புறம் அவளுக்கும் அழுகை வந்தது. மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அந்த வெயிலில், புதைந்த வண்டிக்குள், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அழுதோம். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதலில் கண்ணைத் துடைத்தது அக்காதான். "மணி என்ன?" என்றாள்.

"பத்தே முக்கால்."

"பதினொண்ணரைக்குள்ள தார் ரோட்டுல இருக்கணும் இல்ல? தோண்டுங்க" என்றாள்.

"உனக்கு வேணாம்னா..." என்று ஆரம்பித்தார் மாமா.

"காலையில வேணாம்னு இருந்துது. இப்ப தோண்டுங்கன்னு சொல்றேன். அவ மெஷினைத் தூக்கிக்கிட்டு அலையறதை என்னால பாக்க முடியாது."

தோண்டினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மண்வெட்டி ஒன்றுதான், நான் கையாலேயே வாரினேன். நகத்துக்குள் மணல் ஏறி இரத்தம் கசிந்தது. பின் சக்கரங்களுக்கு அடியில் பலகையைச் செருகினோம். ஆனால் வண்டி ரொம்ப ஆழத்தில் இருந்தது. நான் ஒருத்தி தள்ளினால் அசையாது. அவரும் வந்து தள்ள வேண்டும்.

"நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்" என்றாள் அக்கா.

கல்யாணமான புதிதில் அவள் இந்தக் கடற்கரையில் வண்டி ஓட்டியிருக்கிறாள். இருபது வருஷமாவது ஆகியிருக்கும் அதைத் தொட்டு. "இடது கையில பாரம் குடுக்கக் கூடாது" என்றார் மாமா. "ஒரு கை போதும்" என்றாள். மெதுவாக இறங்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் ஏறி உட்கார்ந்தாள். கால் வீங்கிச் செருப்பு போட முடியாமல் வெறும் காலோடு இருந்தாள்.

"லோ கியர்லயே இருக்கட்டும். மெதுவா விடு. சக்கரத்தைச் சுத்த விடாத. கிளம்பிடுச்சுன்னா..."

"நிறுத்தக் கூடாது. இருபத்தாறு வருஷமா கேக்குறேன். தள்ளுங்க."

தள்ளினோம். வண்டி முனகியது. ஒரு பலகை ஒடிந்தது. மாமா தோளைக் கொடுத்து, "விடு, விடு, விடு" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். வண்டி மெல்ல எழும்பிற்று, ஒரு பக்கம் சாய்ந்தது, மேலே வந்துவிட்டது. நான் முகங்குப்புற மணலில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி புதையும். எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அரை கிலோமீட்டர். நான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. மாமா மண்வெட்டியோடு ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்ன ஓட்டம்! பாதியில் மூச்சு முட்டி நின்றார். கையை நீட்டி அவளைக் காட்டி, "பாரு, பாரு, சீரா போறா பாரு" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெயிலாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

கிளிஞ்சல் தரையில் அவள் வண்டியை நிறுத்தியிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்றாள்.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். சிஸ்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் மணல். "என்ன, கடலுக்குள்ள இருந்தா ஏறி வர்றீங்க?" என்றாள். எடை பார்த்தாள், பதறினாள், ஊசியைக் குத்தினாள், மெஷினைப் போட்டாள். ஏன் லேட் என்று அவள் மூன்று தடவை கேட்டாள். நாங்கள் மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காததைப் பார்த்துத்தான் அவள் பயந்திருப்பாள்.

மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை ஒரு பக்கம் தொங்கி, காதுமடலில் மணலோடு. ஸ்ட்ரெச்சர் போயிற்று, வந்தது. யாரோ ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. அவர் அசையவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது, நடக்கிறபோது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கின தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் கடல் வடிகிற நேரம் ஐந்து முப்பத்தைந்து. ஐந்தே முக்காலுக்கு இங்கே கிளம்பினால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

"எழுப்பவாக்கா?" என்றேன்.

"வேணாம்."

"தண்ணி ஏறிடும். அப்புறம் நாளைக்குக் காலையிலதான்."

"ஏறட்டும்."

"உனக்குப் படுக்கணுமே."

"காலையில அவரு படுத்திருந்தாரே, அது தூக்கமாடி? இப்பத்தான் தூங்குறாரு" என்றாள்.

நான் அக்காவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஆறு ஆயிற்று. வராந்தாவில் விளக்கு போட்டார்கள். டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கப்பை என்னிடம் கொடுத்தாள். அவள் தோள் வலித்திருக்கும், மாமா கனமான ஆள். ஆனால் நகரவில்லை.

ஏழரைக்கு வாட்ச்மேன் வந்தார். பார்வையாளர்களை வெளியே அனுப்புகிற நேரம். ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டிக்கொண்டே வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"எல்லாம் கிளம்புங்கம்மா. ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு ஆள்தான் இருக்கணும். இதுல யாரு பேஷன்ட்?"

அக்கா தோளைக் காட்டினாள். "இவருதாங்க" என்றாள். "சத்தம் போடாதீங்க."